லைசென்ஸ் சாரும் முண்டியம்பாக்கம் கோதண்டபாணியும்

இரவல் குடையைக்கூட ஒப்பந்தம் பேசாமல் கொடுக்காத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் திண்டிவனத்தில் பிறந்து, என் தலையில் வந்து விடிந்தார்.

ரேஷன் கார்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் உண்டு. ஊருக்கு அவர் லைசென்ஸ் சார். மழையில் நனைந்துகொண்டு நிற்பவனிடம் குடையை நீட்டி, அவன் கைப்பிடியைப் பற்றியதும் தன் பிடியை விடாமலே விதிகளைச் சொல்வார். "இது ஒரு ஆளுக்கு மட்டும்தான். வழியில யாரையாவது சேத்துக்கினு போனீங்கன்னா அத்துமீறல். அப்புறம் குடையைக் கேட்டு வீட்டுக்கு வந்துருவேன்." அவர் பேசி முடிப்பதற்குள் பாதிப் பேர் முழுக்க நனைந்துவிடுவார்கள். மீதிப் பேர் மழையே தேவலை என்று கிளம்பிவிடுவார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் அவருடைய பேப்பரை எட்டிப் பார்த்தால் போச்சு. "ஒரு பேப்பருக்கு ஒரு ஜோடிக் கண்ணு" என்று சொல்லி மடித்து உட்கார்ந்துவிடுவார்.

எல்லாவற்றுக்கும் காரணம் மெட்ராஸ். அங்கே ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய ஒன்றை மேலாளர் தன் பெயரைப் போட்டு மேலிடத்துக்குக் காட்டிவிட்டார். அன்றைக்கு மத்தியானமே மேஜை டிராயரைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறியவர்தான். அந்த டிராயரை அவர்கள் எப்படித் திறந்தார்களோ தெரியாது. சாவி கடைசிவரை சார் வீட்டு ஆணியில் தொங்கியது.

1993-இல் நான் பி.காம். முடித்திருந்தேன். அதாவது பி.காம். என்னை முடித்திருந்தது. வேலை கேட்டு சாரின் மாடிக்குப் போனேன். ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேஜை மின்விசிறி. மின்விசிறி கம்ப்யூட்டருக்கு. எனக்கு ஜன்னல். அன்றே வைஸ் பிரெசிடெண்டாக நியமிக்கப்பட்டேன். கம்ப்யூட்டரைத் துடைப்பது, டீ வாங்கி வருவது, சாரை மொபெட்டில் பின்னால் வைத்து ஓட்டிப் போவது ஆகியவை வைஸ் பிரெசிடெண்டின் பொறுப்புகள். ஓமந்தூர் மேட்டில் மொபெட் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளுவதும் உண்டு. சார் இறங்கமாட்டார். அவர் பிரெசிடெண்ட்.

திண்டிவனத்தில் தடுக்கி விழுந்தால் மல்லாட்டை மண்டி. வேர்க்கடலைக்கு எங்கள் ஊரில் மல்லாட்டை என்று பெயர். அந்த மண்டிகளுக்காக சார் ஒரு கணக்குப் புரோகிராம் எழுதினார். வந்த மூட்டை, போன மூட்டை, யாருக்கு என்ன பாக்கி, எல்லாம் திரையில் வந்து நிற்கும். திறந்ததும் முதலில் சாரின் பெயர் நீல எழுத்தில் மின்னும். வேறு எதற்காகவும் அவர் அதை எழுதவில்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஒவ்வொரு மண்டியிலும் அந்தப் பெயர் மின்னும்போது மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

பெரிய கம்பெனிகள் சாஃப்ட்வேரை விற்பதில்லை, பயன்படுத்த உரிமம்தான் தருகின்றன என்று எங்கோ படித்திருந்தார். தானும் உரிம ஒப்பந்தம் தயாரிக்கக் கிளம்பினார். வக்கீலிடம் போகவேண்டியதுதானே? சார் போனது சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதுகிறவரிடம். அந்தப் பெரியவர் சார் சொன்ன அத்தனையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"சொத்து நஞ்சையா, புஞ்சையாங்க?"

சார் யோசித்தார். "மல்லாட்டைக்குத்தானே போடறோம்? புஞ்சைன்னே எழுதுங்க."

அப்படிப் பிறந்ததுதான் எங்கள் ஒப்பந்தம். 'மனப்பூர்வமாய்ச் சம்மதித்து எழுதிக்கொடுத்த உரிமப் பத்திரம் என்னவென்றால்' என்று தொடங்கும். நடுவில் வரும்: 'கிழக்கே கல்லாப்பெட்டி, மேற்கே சாமி படம் மாட்டிய சுவர், வடக்கே மூட்டை அடுக்கிய இடம், தெற்கே தெரு. இந்நான்கெல்லைக்குட்பட்ட கம்ப்யூட்டரில் மட்டும் மேற்படி புரோகிராமை ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்.' பிளாப்பி உறையைப் பிரிக்குமுன் சார் எழுந்து நின்று இதை முழுக்க வாசிப்பார். மண்டிக்காரரும் எழுந்து நிற்கவேண்டும். தேசிய கீதத்துக்கு அடுத்து திண்டிவனத்தில் மக்கள் எழுந்து நின்றது இதற்குத்தான். வெள்ளையடிக்கும்போது மேஜையைத் தள்ளிப் போட்ட ஒரு மண்டியில், "எல்லை மாறிப்போச்சுங்க, மறுபடி வாசிக்கணும்" என்று நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

பத்திரம் இவ்வளவு பலமாக இருந்தும் திருட்டு நடந்துவிடுமோ என்ற பயம் அவருக்குப் போகவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"வைஸ் பிரெசிடெண்டு, பரிச்சையில பக்கத்துல இருக்கறவனப் பாத்து எழுதறவன் இன்னா பண்ணுவான்?"

"நம்பர் தவிர எல்லாத்தையும் எழுதுவான் சார்." சிலர் நம்பரையும் சேர்த்து எழுதுவார்கள். பெயர் வேண்டாம், இந்தக் கட்டுரையை அவர்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.

"அவன் போட்ட தப்பையும் சேத்து எழுதுவானா, மாட்டானா? அதான் நமக்கு வோணும்."

அன்று பிறந்தார் கோதண்டபாணி. மல்லாட்டை வியாபாரி, சொந்த ஊர் முண்டியம்பாக்கம், தபால் விலாசம் எங்கள் மாடி. உலகத்தில் இல்லாத ஆள். சார் தன் கையால் புரோகிராமைப் போட்டு ரகசியச் சொல்லைத் தட்டினால் கோதண்டபாணி ஒளிந்துகொள்வார். யாராவது களவாகப் படி எடுத்துப் போட்டால், வியாபாரிகள் பட்டியலில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துகொள்வார். அழிக்கவும் முடியாது. எங்கே கோதண்டபாணி இருக்கிறாரோ, அங்கே திருட்டு இருக்கிறது. இதுதான் சாரின் பொறி.

பொறியில் என்ன விழுந்தது தெரியுமா? காலண்டர்.

அந்தப் பொங்கலுக்கு 'உயர்திரு கோதண்டபாணி அவர்களுக்கு' என்று விழுப்புரத்து மண்டி ஒன்றிலிருந்து தினசரிக் காலண்டர் வந்தது. மறுநாள் இன்னொன்று. அந்த வாரம் முடிவதற்குள் எங்கள் மாடிச் சுவரில் முருகனும் லட்சுமியும் நிற்க இடமில்லாமல் இடித்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் விழுப்புரத்தில் ஒரு பிளாப்பிகூட விற்றிருக்கவில்லை.

விசாரித்ததில், அங்கே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஒருவர் எங்கள் புரோகிராமைப் படியெடுத்து, சாரின் பெயரை அழித்து, அதே நீல எழுத்தில் தன் பெயரைப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்கு மாஸ்டர் என்று பெயர். அவருடைய கடைக்குள் போய்த் திரையைப் பார்த்துவிட்டு வந்த சார், மொபெட்டில் பின்னால் ஏறி உட்கார்ந்தார். விக்கிரவாண்டி தாண்டும்போது, "அதே நீலம்பா" என்றார். மெட்ராஸ் டிராயர் மறுபடி திறந்துகொண்டது என்று புரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் கோதண்டபாணிக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தது. விழுப்புரம் மண்டி வியாபாரிகள் சங்கத் தலைவர் வீட்டுக் கல்யாணம். அவர் மகளுக்கு.

"கெளம்பு" என்றார் சார். "சாட்சியோட போறோம்."

மண்டபத்து வாசலில் சாம்பார் வாசனை என்னைக் கையைப் பிடித்து இழுத்தது. சார் மறித்தார்.

"நீ எங்க போற? பத்திரிகை ஒரு பேருக்குத்தான் வந்திருக்கு. ஒரு பத்திரிகைக்கு ஒரு எலை."

"சார், காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்புடல சார்!"

"அதுக்காக அத்துமீற முடியுமா?"

பசி வந்தால் எனக்குச் சட்ட அறிவு வரும் என்பது அன்றுதான் தெரிந்தது. பத்திரிகையைப் பிடுங்கிக் கடைசி வரியைக் காட்டினேன். "சுற்றமும் நட்பும் சூழ வரச் சொல்லி அச்சடிச்சிருக்காங்க சார். இது மல்டி யூசர்!"

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்த வரியை இரண்டு தரம் படித்தார். "ஆமா. அனுமதி கீது. வா" என்றார். நான் சுற்றம், நட்பு இரண்டுக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

மொய் எழுதும் இடத்தில் சார் ஒரு கவரைக் கொடுத்தார். மேலே 'முண்டியம்பாக்கம் கோதண்டபாணி' என்று எழுதியிருந்தது. "பத்திரிகை யாரு பேருல வந்துதோ, மொய்யும் அந்தப் பேருலதான் போவணும்" என்றார். மொய்க்கு அடியில் எங்கள் உரிமப் பத்திரத்தை மடித்து வைத்திருந்தார். எல்லைகளை உத்தேசமாக நிரப்பி, கையெழுத்தும் போட்டிருந்தார். அதைப் படித்ததும் தலைவருக்குக் களவு உறைக்கும், சாரைத் தேடி ஓடிவருவார் என்பது கணக்கு.

தலைவர் வீட்டில் கவரைப் பிரித்தார்கள். பத்திரத்தைப் பார்த்தார்கள். 'மனப்பூர்வமாய்', 'நான்கெல்லைக்குட்பட்ட', 'ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்'. அதற்கு மேல் யார் படிப்பார்கள்? முண்டியம்பாக்கம் கோதண்டபாணி பெண்ணுக்கு மொய்யாக மனையே எழுதிவைத்துவிட்டார் என்று அன்று சாயந்திரத்துக்குள் விழுப்புரம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. இல்லாத மனிதருக்கு இருக்கிற மனிதர்கள் யாருக்கும் இல்லாத மதிப்பு வந்துவிட்டது.

பதிலுக்குக் காத்திருந்து அலுத்துப்போன சார், சங்கத்திலேயே பிராது கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிட்டிருந்தார்கள். அத்தனை காலண்டர்களையும் ஒரு சாக்குப்பையில் திணித்து, அந்தக் கல்யாணப் பத்திரிகையை மேலே வைத்து எடுத்துப்போனேன். கோதண்டபாணி என்று ஒரு ஆளே கிடையாது, அவரைப் படைத்தவர் சார்தான் என்று நிரூபித்தால் போதும். சாரின் பெயர் சாருக்கு.

சங்கத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு வயதான ஆள் வந்து சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். தலைவரின் மண்டியில் கணக்கு எழுதுபவர்.

"சார், பைக்கு மேல கோதண்டபாணி பேரு போட்ட பத்திரிகையப் பாத்தேன். அப்டி ஒரு ஆளு இல்லவே இல்லைன்னு சொல்லத்தானே வந்திருக்கீங்க? சொல்லிடாதீங்க சார்."

"ஏங்க?"

"கம்ப்யூட்டர் வந்ததுலேர்ந்து ஒரே பேஜாரு சார். நான் போட்டா ஒரு தொகை வருது, அது போட்டா ஒரு தொகை வருது. மொதலாளிகிட்ட எப்டி சொல்றது? கணக்குல இடிக்கிறத எல்லாம் கோதண்டபாணி பேருல தள்ளி வெச்சிட்டேன். இந்த ஆள யாருமே பாத்தது இல்லியே, அந்தத் தெகிரியம்தான். நான் ஒரு பைசா தொட்டதில்ல சார். ஆனா ஆளே இல்லைன்னு ஆச்சுன்னா, திருடிட்டேன்னுதானே சொல்லுவாரு? என்னை வெளிய தள்ளிருவாரு." குரலைத் தாழ்த்தினார். "கல்யாணத்துல அவரு வந்து மொய் வெச்சாருன்னு கேட்டதும் நான் மயக்கம் போட்டு விழுந்துட்டேன் சார்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சார் சிரிக்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

சங்கக் கூடத்தில் மண்டிக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். மாஸ்டர் கறுப்புக் கண்ணாடி போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "ராவு பகலு பாக்காம ஒக்காந்து நான் எழுதினதுங்க. இவரு யாருன்னே எனக்குத் தெரியாது" என்றார்.

தலைவர் சாரிடம் திரும்பினார். "இது உங்களுதுன்னு எப்டி சொல்றீங்க?"

சார் எழுந்தார். "இதுல கோதண்டபாணின்னு ஒரு பேரு…"

அவ்வளவுதான். கூடமே கலகலத்துவிட்டது.

"யாரு, முண்டியம்பாக்கத்தாரா? தங்கமான மனுசனாச்சே!"

"செவப்பா, ஒசரமா இருப்பாரே?"

"ஒசரம்லாம் இல்லப்பா. போன மாசம் நம்ம மண்டிக்கு வந்து மோர் குடிச்சிட்டுப் போனாரு, நான் பாக்காததா?"

மனை கொடுத்த வள்ளலைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள அங்கே ஒரு வியாபாரிக்கும் மனம் வரவில்லை. தலைவர் கையை உயர்த்திச் சத்தத்தை அடக்கினார். "அவர உங்களுக்குத் தெரியுமா சார்?"

சாக்குப்பையின் வாயை அவிழ்த்துக்கொண்டு, "இல்லைன்னு சொல்லுங்க சார், அப்டி ஒரு ஆளே இல்லைன்னு சொல்லுங்க" என்று சாரின் காதில் ஊதினேன். சார் என்னைப் பார்க்கவில்லை. தூணோரம் நின்ற கணக்கரைப் பார்த்தார். அந்த மனிதர் தோள் துண்டை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"தெரியுங்க. எங்க வீட்டு ஆளுதான்."

நான் சாக்குப்பை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே இருந்த லட்சுமி என்னை மன்னிப்பாளாக.

"என்னா ஒண்ணு" என்று சார் தொடர்ந்தார். "கோதண்டபாணிக்குக் கணக்கு வழக்கு அவ்ளோ வராது. அவரு பேருல எங்கனா இடிச்சுதுன்னா நம்ம கணக்கரு மேல தப்பில்ல. நானே வந்து ஒக்காந்து சரி பண்ணிக் குடுக்கறேன்."

தூணோரத்தில் துண்டு வாயிலிருந்து இறங்கியது. எனக்கோ அழுகை வந்தது. ஒரே சாட்சி, அதையும் உயிரோடு விட்டுவிட்டார். இனி அந்த நீல எழுத்தில் மாஸ்டர் பெயர்தான் காலத்துக்கும் மின்னும் என்று நினைத்தேன்.

தலைவர் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாக மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, நீ கோதண்டபாணியப் பாத்திருக்கியா?"

"இல்லீங்க."

"அவருகூட பேசியிருக்கியா?"

"இல்லீங்க."

"பின்ன அவரு பேரு எப்டி உன் பொட்டியில மொத ஆளா வந்து ஒக்காந்துக்கினு கீது?"

மாஸ்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "அது… தானா வந்துதுங்க."

"தானா மொளைக்கறதுக்கு அது இன்னா காளானா? இவரு வீட்டு ஆளு பேரு உன் பொட்டிக்குள்ள இருக்குதுன்னா, பொட்டிக்குள்ள இருக்கறது யாருது?" தலைவர் எழுந்து நின்றார். "கோதண்டபாணி வீட்டு ஆளு பொய் சொல்லமாட்டாரு. எல்லாரும் சாருகிட்டயே மொறையா வாங்கிக்குங்கப்பா. இவன் பேர எடுத்துட்டு அவரு பேரப் போடுங்க."

இல்லை என்று நிரூபிக்கப் போனவர் இருக்கிறார் என்று சாட்சி சொன்னதால் ஜெயித்த வழக்கு இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வாசல்வரை வந்த தலைவர் சாரை ஓரமாக அழைத்துப்போனார். "ஒண்ணு கேக்கணும். மொய்யில எழுதிக் குடுத்தாரே, அந்த மனை எங்க கீது? கிழக்கே கல்லாப்பெட்டின்னு போட்டிருக்கு. விழுப்புரம் பூரா தேடிட்டோம்."

சாரின் முகம் கேப்பைக் களி நிறத்துக்குப் போனது. "அது மனை இல்லீங்க… லைசென்சு."

 தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எதுவா இருந்தா இன்னாங்க? எழுதிக் குடுத்தாருல்ல!"

சார் தன் வாழ்நாளில் இலவசமாகக் கொடுத்த லைசென்ஸ் அது ஒன்றுதான். அதற்கும் தலைவரை வாசலிலேயே நிற்கவைத்து முழுக்க வாசித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

பிறகு பல வாரம் நாங்கள் விழுப்புரத்துக்கு ரயிலில் போய்வந்தோம். கணக்கரோடு உட்கார்ந்து கோதண்டபாணியின் பேரில் தள்ளியிருந்த ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார் சார். கடைசி நாள் கணக்கர் ஒரு பை நிறைய வறுத்த மல்லாட்டை கொடுத்து, "கோதண்டபாணி ஐயாகிட்ட குடுத்துருங்க" என்றார். ரயிலில் நான் கை வைக்கப் போனேன். சார் பையை மடியில் வைத்துக்கொண்டார். "உனக்கா குடுத்தாரு?" ஆனால் முண்டியம்பாக்கம் ஸ்டேஷன் வந்ததும் வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவரு எறங்கி வரல. பிரி" என்றார்.

புதுப் புரோகிராமில் கோதண்டபாணியை எடுத்துவிடுவதாக இருந்தது. ஒரு மண்டிக்காரரும் சம்மதிக்கவில்லை. "அவரு பாட்டுக்கு இருக்கட்டும் சார், பத்திரிகை வைக்க ஒரு பெரிய மனுசன் வோணுமில்ல?" என்றார்கள். இருந்தார்.

வருடங்கள் போயின. பிளாப்பி போனது, மாடி போனது, நான் வேறு வேலைக்குப் போய் அங்கேயும் வைஸ் பிரெசிடெண்டு வேலையைத்தான் செய்தேன். டீ மட்டும் எனக்கு வேறொருவர் வாங்கிவந்தார். சார் மாறவில்லை. மகள் வாங்கித் தந்த ஸ்மார்ட் போனில் 'சம்மதம்' என்று தட்டச் சொன்னபோது, அத்தனை பக்கத்தையும் பூதக்கண்ணாடி வைத்து நாள்கணக்கில் படித்துவிட்டு, "இதுல எனக்கு ஒப்புதல் இல்லாத எடம் நெறைய கீது" என்று போனை அட்டைப்பெட்டிக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டார். உலகத்தில் அதை முழுக்கப் படித்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். எழுதியவனே படித்திருப்பானா என்பது சந்தேகம்.

சில வருடங்களுக்கு முன் திண்டிவனத்தில் வீடு கட்டிக் குடிபோனேன். சாருக்குப் பத்திரிகை வைக்கப் போனபோது, இன்னொரு பத்திரிகையும் எடுத்து, 'உயர்திரு கோதண்டபாணி, முண்டியம்பாக்கம்' என்று எழுதி அவர் கையிலேயே கொடுத்தேன். வாங்கிப் படித்தார். இரண்டையும் தனித்தனியாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

விசேஷத்தன்று தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். பந்தியில் ஒரு இலையில்தான் சாப்பிட்டார். பிறகு மொய் எழுதும் மேஜைக்குப் போய் இரண்டு கவர் வைத்தார்.

"எதுக்கு சார் ரெண்டு?" என்றேன்.

"பத்திரிகை ரெண்டு வெச்ச இல்ல? ஆளுக்கு ஒண்ணு. ஒரே மொய்யில ரெண்டு பேரு வந்துட்டுப் போனா அதுக்குப் பேரு இன்னா? திருட்டு."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். மொய் எழுதிக்கொண்டிருந்த பையன் இரண்டாவது கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இந்த முண்டியம்பாக்கத்துக்காரரு வரவே இல்லியே சார். உங்களுக்கு இவரு இன்னா ஒறவு?"

குழாயடியில் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அது விழுமோ என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறு கையைக் கழுவிக்கொண்டிருந்தார் சார்.

"வந்திருக்காருப்பா. நெருங்கின சொந்தம்னு எழுதிக்க" என்றேன். "ரெண்டு பேருக்குமே."